சாட்டை யார் முதுகில் விழுந்தது? தமிழ்த் திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விமர்சகர்களுக்கு,

வணக்கம். நாளிதழில், வார இதழில் எழுதுகிறவர்கள், யூடியூபில் முதல் காட்சி முடிந்த கையோடு பேசுகிறவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். சினிமா பார்ப்பேன், உங்கள் விமர்சனங்களையும் விடாமல் படிப்பேன். ஆனால் சினிமா பற்றி எழுத உட்காருவது இதுதான் முதல் முறை. எழுத வைத்தது எங்கள் கல்லூரி ஆண்டு விழா.

விழாவில் மூன்றாமாண்டுப் பையன்கள் ‘நண்பன்’ படத்தில் சைலன்சர் என்ற மாணவன் பேசும் மேடைப் பேச்சை நடித்துக் காட்டினார்கள். ‘கற்பித்தல்’ வரவேண்டிய இடங்களில் எல்லாம் ‘கற்பழித்தல்’ வருமே, அந்தப் பேச்சு. படம் வந்த 2012ஆம் வருஷம் இந்தப் பையன்கள் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்திருப்பார்கள். ஆனாலும் வசனம் ஓர் எழுத்து பிசகவில்லை. அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் முதலாமாண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த கணிதத்துறை மேடம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், விழா முடியும்வரை திரும்பி வரவே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், அந்தப் படத்துக்கும் அதன் இந்தி மூலமான ‘3 இடியட்ஸ்’ படத்துக்கும் அந்தக் காலத்தில் வந்த விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்தேன். தமிழில் கிடைத்ததை எல்லாம் படித்தேன், ஆங்கிலத்திலும் கொஞ்சம். நான் படித்தவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொற்றொடர் ஒன்று உண்டு. உங்களுக்கும் தெரியும்: ‘இன்றைய கல்வி முறைக்கு ஒரு சாட்டையடி.’

அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. 2009 டிசம்பர் 25 அன்று ‘3 இடியட்ஸ்’ வந்தது. அடுத்த வாரமே எங்கள் துறையில் ஆறு பேர் சேர்ந்து போய்ப் பார்த்தோம். எங்களில் இரண்டு பேருக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் அழுதார்கள். மாதவன் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, எனக்குப் புகைப்படம் எடுக்கத்தான் ஆசை என்று சொல்லும் இடத்தில் நானும்தான் அழுதேன். அதற்கு அப்புறம் எத்தனையோ பெற்றோரிடம் அந்தக் காட்சியைச் சொல்லிப் பேசியிருக்கிறேன். படத்தின் இயக்குநர் ராஜ்குமார் ஹிரானிக்கு அந்த வகையில் நான் கடன்பட்டவன். படம் இந்தியாவில் வசூல் சாதனை படைத்தது, சீனா, தைவான், கொரியா வரைக்கும் போனது, வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. எல்லாம் தகும். படத்தை யாரும் தலையில் வைத்துக் கொண்டாடக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை.

நான் கேட்பது உங்களிடம். ஒரு படத்தின் ஒளிப்பதிவைப் பற்றி எழுதும்போது எந்தக் காட்சியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கவனித்து எழுதுகிறீர்கள். இசையில் எந்த வாத்தியம் தனித்துக் கேட்டது என்று எழுதுகிறீர்கள். திரைக்கதை இரண்டாம் பாதியில் எந்த நிமிஷத்தில் தொய்கிறது என்று சொல்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள், கல்வியைப் பற்றிய படம் என்று வந்ததும் ஏன் ‘சாட்டையடி’ என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுகிறீர்கள்? பாராட்டியவர்கள் கருத்து நல்ல கருத்து என்றார்கள். பிடிக்காதவர்கள் உபதேசம் தூக்கல், இதே இயக்குநரின் முன்னாபாய் படங்கள் அளவுக்கு இல்லை என்றார்கள். இரண்டு தரப்பும் வகுப்பறைக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம். என் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இயந்திரம் என்றால் என்ன என்று பேராசிரியர் கேட்பார். நாயகன், மனித உழைப்பைக் குறைக்கும் எதுவும் இயந்திரம்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வான், பேன்ட் ஜிப்வரை உதாரணம் காட்டுவான். பேராசிரியருக்குக் கோபம் வரும். சைலன்சர் எழுந்து புத்தகத்தில் உள்ள நீளமான வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், பாராட்டு வாங்குவான். நாயகனை வெளியே போகச் சொல்வார்கள். தியேட்டரில் விசில் பறக்கும். நீங்களும் அந்தக் காட்சியை மனப்பாடக் கல்விக்கு விழுந்த அடி என்று எழுதினீர்கள்.

சைலன்சர் ஒப்பித்தது என்ன? ஒன்றோடொன்று இணைந்த பொருள்களின் தொகுப்பு, அவற்றுக்கு இடையிலான சார்பு இயக்கம் கட்டுப்பட்டதாக இருக்கும், அதன் வழியே விசையும் இயக்கமும் கடத்தப்படும் என்பதுதான் அதன் சாரம். கேட்கக் கரடுமுரடாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வெற்றுச் சொல் இல்லை. நான் இரண்டாமாண்டுக்கு நடத்தும் இயந்திர இயக்கவியல் பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

அதை நான் எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை நான் தூக்கிப் போடுவதில்லை. கெட்டி அட்டையாகப் பார்த்து ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி வைத்துக்கொள்வேன். முனையில் துளை போட்டுப் பிரஸ் பட்டன் அடித்துவிட்டால் நன்றாகச் சுழலும். முதலில் மூன்று பட்டைகளை முக்கோணமாக மாட்டி ஒரு பையன் கையில் கொடுப்பேன், அசை என்பேன். அசையாது. நசுங்கும், ஆனால் அசையாது. அடுத்து நாலு பட்டை. ஒன்றை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினால் மற்ற இரண்டும் ஒரே ஒரு தடத்தில் போகும், திரும்பி வரும். எத்தனை தடவை தள்ளினாலும் அதே தடம்தான். அப்புறம் ஐந்து பட்டை. ஒன்றைத் தள்ளினால் மற்றவை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, கொழகொழவென்று எப்படியும் போகும்.

மூன்று பட்டை, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம். நாலு பட்டை, இயந்திரம். அம்மாவின் தையல் மிஷினில் மிதிக்கட்டையும் சக்கரமும் சேர்ந்து ஓடுகிறதே, அது இந்த நாலு பட்டைதான். ‘கட்டுப்பட்ட சார்பு இயக்கம்’ என்று புத்தகம் சொல்வது அந்த ஒரே தடத்தைத்தான். இதைச் செய்து காட்டிவிட்டு அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினால், பின்வரிசையில் இருக்கிறவன்கூட ‘ஓ’ என்பான். அந்த ‘ஓ’ சத்தத்துக்காகத்தான் நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

நாயகன் சொன்னது தப்பில்லை. பாடத்துக்குள் நுழைய அது நல்ல வாசல். ஆனால் அதோடு நின்றுவிட்டால்? ஆற்றின் மேல் பாலம் இருந்தால் சுற்றிப் போகாமல் நேரே நடக்கலாம், உழைப்பு குறைகிறது. அப்படியானால் பாலம் இயந்திரமா? இந்தக் கேள்வியைப் போட்டால் என் வகுப்பு ஐந்து நிமிஷம் சண்டை போடும். சண்டை முடியும்போது அந்த நீளமான வரையறை எதற்கு எழுதப்பட்டது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். படத்தில் பேராசிரியர் செய்த தப்பு வரையறையைக் கேட்டது இல்லை, அதைத் திறந்து காட்டாதது. ஆனால் படம் பார்த்து வெளியே வந்த பையனுக்கு மனதில் நின்றது வேறு: வரையறை என்பதே முட்டாள்தனம், அதைப் படிக்கிறவன் கோமாளி. ‘சார், நண்பன்ல மாதிரி சிம்பிளா சொன்னா போதாதா?’ என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். நான் பட்டைகளை எடுப்பேன். எல்லாக் கல்லூரியிலும் யாராவது பட்டைகளை எடுக்கிறார்களா, தெரியாது.

உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், படம் பார்த்த கையோடு ஒரு மெக்கானிக்கல் வாத்தியாருக்குப் போன் போட்டு, அந்தக் காட்சி சரியா என்று கேட்டிருந்தால் இதெல்லாம் உங்கள் விமர்சனத்தில் வந்திருக்கும். போலீஸ் படம் வந்தால் சட்டம் தெரிந்தவரிடம் கேட்கிறீர்கள். மருத்துவப் படம் வந்தால் டாக்டரைப் பேட்டி எடுக்கிறீர்கள். கல்விப் படம் வந்தால் மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே என்பதாலா?

சரி, இப்போது சைலன்சர். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

இந்தி மூலத்தில் அவன் பெயர் சதுர் ராமலிங்கம். உகாண்டாவில் பிறந்தவன், பாண்டிச்சேரியில் படித்தவன், இந்தி சரியாக வராது. யாரோ எழுதிக் கொடுத்த இந்திப் பேச்சைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிறான். நாயகன் அதில் சொற்களை மாற்றி வைத்துவிடுகிறான். பொருள் புரியாமல் படித்தால் இதுதான் கதி என்று பாடமும் சொல்கிறான். தமிழில் எடுத்தபோது அவன் தமிழ் சரியாக வராதவனாக ஆனான். சத்யன் அபாரமாக நடித்திருந்தார், அதை நீங்கள் பாராட்டியதிலும் தப்பில்லை.

ஆனால் அவன் ஏன் மனப்பாடம் செய்தான்? பேராசையாலா? அது அவனுக்குத் தெரியாத மொழி. தெரியாத மொழியில் மேடை ஏறச் சொன்னால் யாருக்கும் வேறு என்ன வழி இருக்கிறது?

இந்தச் சைலன்சரை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி, கவுன்சலிங்கில் சீட் எடுத்து வருவான். முதல் நாள் வகுப்பு முழுக்க ஆங்கிலம். முதல் யூனிட் டெஸ்டில் ஃபெயில். அடுத்து சீனியர்கள் கையில் கொடுப்பது லோக்கல் ஆத்தர் புத்தகமும் கொஸ்டின் பேங்கும். டூ மார்க் கேள்விகளை அப்படியே உருப்போடுவான். பெரிய கேள்விக்கு யூனிட்டுக்கு மூன்று பதில். கமா எங்கே வருகிறது என்பதுவரை மனப்பாடம். என்னிடம் ஒருவன் ஒருமுறை விடைத்தாளில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியை எழுதியிருந்தான். பாதி வாக்கியத்தோடு அடுத்த வாக்கியத்தின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு, தமிழில் சொல்லுடா என்றேன். கியர் பற்களின் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை, சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தையும் பின்சக்கரத்தில் இருக்கும் சின்னதையும் வைத்துக் கணக்காகச் சொன்னான். அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவனுக்குப் பாடம் தெரியும். மொழிதான் தெரியாது.

தமிழ் வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் படிக்கலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் கொண்டுவந்தது 2010-11 கல்வியாண்டில். இந்திப் படம் வந்த மறு வருஷம், தமிழ்ப் படம் வருவதற்கு முன்னால். ஆக, நம் மாநிலத்தில் இந்த மொழிப் பிரச்சினை பேச்சில் இருந்த அதே நேரத்தில்தான், மொழி தெரியாமல் மனப்பாடம் செய்தவனைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. ராமலிங்கம் என்ற பெயரைக் கேட்டு வட நாட்டு அரங்கம் சிரித்தபோது அது நம் பையனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று தமிழ் விமர்சகர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? மனப்பாடத்துக்கு விழுந்த அடி என்றீர்களே, அது அந்தப் பையன் முதுகில் அல்லவா விழுந்தது?

‘கற்பழித்தல்’ என்ற அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு நடக்கும் கொடுமையைக் குறிக்கும் சொல் அது. மேடையில் பத்துத் தடவை அதைச் சொல்லி ஆயிரம் பேரைச் சிரிக்க வைக்கும் காட்சியில், சிரிப்பு வருவதற்கே அந்தச் சொல்தான் ஆதாரம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே பதறியது. நம் பத்திரிகைகளும் பிறகு அந்தச் சொல்லை மெல்லக் கைவிட்டு, பாலியல் வன்கொடுமை என்று எழுதப் பழகின. செய்திப் பக்கத்தில் மாறிவிட்டது. சினிமாப் பக்கத்தில், ‘வயிறு குலுங்கும் காட்சி’ என்று எழுதிய பழைய வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஆண்டு விழா மேடையில் அந்தப் பையன்களைத் தடுத்து நிறுத்த எனக்கும் அன்று தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. மறுநாள் அந்த நாலு பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஒருவன் சொன்னான்: ‘சார், அது காமெடி சீன்னு தானே எல்லாரும் சொல்றாங்க?’ எல்லாரும் என்பதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

நாயகனின் அறைத் தோழன் ராஜுவின் வீட்டைக் காட்டும் காட்சி நினைவிருக்கிறதா? ஏழை வீடு என்பதால் ஐம்பதுகளின் படம்போலக் கறுப்பு வெள்ளையில் காட்டுவார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, கல்யாணமாகாத அக்கா, சப்பாத்தி தேய்க்கும் கட்டையால் அப்பாவுக்குச் சொறிந்துவிட்டு அதே கட்டையால் மறுபடி சப்பாத்தி தேய்க்கும் அம்மா. தியேட்டரில் பயங்கரச் சிரிப்பு. புதுமையான உத்தி என்றுகூட எழுதப்பட்டது. 2010இல் நம் அரசு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. அதனால் எங்கள் கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ராஜுதான். அவர்கள் வீட்டு அடுப்படியும் அப்படித்தான் இருக்கும். ‘நண்பன்’ ஓடிய தியேட்டரில் அவர்களும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கல்வி முறைக்கு அடி என்றால் அது விழ வேண்டிய இடங்கள் எத்தனையோ இருந்தன. நம் மாநிலத்தில் அப்போது ஐந்நூறு பொறியியல் கல்லூரிகளைத் தொட்டுக்கொண்டிருந்தோம். கட்டணம், நன்கொடை, ஆசிரியர் சம்பளம் எல்லாமே பேச வேண்டிய விஷயங்கள். சேர்ந்த மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் படத்தில் நாயகன் ஒரு சிறுவனிடம், அறிவுக்குக் காசு வேண்டாம், யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு வகுப்பில் போய் உட்கார் என்பான். அழகான வசனம். எங்கள் ஃபீஸ் கவுண்டர் முன்னால் செக் புக் இல்லாமல், மஞ்சள் பையில் சுற்றிய பணத்தோடு நிற்கும் அப்பாக்களிடம் அதைச் சொல்ல முடியுமா? தமிழில் எடுத்தவர்கள் லடாக்கை தனுஷ்கோடி ஆக்கினார்கள், கல்லூரியை மட்டும் நம் ஊர்க் கல்லூரி ஆக்கவில்லை. ஒரு மறு ஆக்கத்தை விமர்சிக்கும்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

ராகிங் காட்சிக்கும் நாம் சிரித்தோம். 1996இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டு, அதன் பிறகு 1997இல் நாட்டிலேயே முதலாவதாக ராகிங்குக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. 2009 மார்ச்சில் ஹிமாசலில் இன்னொரு மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்தார். ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. புது விதிமுறைகளைக் கொண்டுவந்தது. டிசம்பரில் படம் வந்தது. புது மாணவர்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தும் காட்சி, கலகலப்பான ஆரம்பம் என்று பெயர் வாங்கியது.

ஜாய் லோபோவைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது. கேமரா பொருத்திய சின்ன ஹெலிகாப்டர் செய்கிற பையன். கொஞ்சம் கூடுதல் நாள் கேட்கிறான், கல்லூரி இயக்குநர் மறுக்கிறார், அப்பாவுக்கும் போனில் சொல்லிவிடுகிறார். நாயகன் ஹெலிகாப்டரைச் சரி செய்து பறக்கவிடும்போது அவன் உயிரோடு இல்லை. இது கொலை என்று நாயகன் இயக்குநரின் முகத்துக்கு நேரே சொல்வான். படத்தில் சாட்டை சரியான முதுகில் விழுந்த ஒரே இடம் அது. ஆனால் கொஞ்ச நேரத்தில் படம் மறுபடி கலகலப்புக்குத் திரும்பிவிடும். விசாரணை இல்லை, அந்த அறைத் தோழர்களிடம் யாரும் பேசுவதில்லை. விமர்சனங்களிலும் அதேதான், ‘நெஞ்சை உலுக்கும் காட்சி’ என்று ஒரு வரி, அடுத்த வரியில் பாடல்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்த நாட்டில் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதில் என்னிடம் படித்த பையனும் ஒருவன் உண்டு. அவனைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவன் லேப் ரெக்கார்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, திருத்திக் கையெழுத்துப் போட்டது, வாங்க ஆள் வரவில்லை. இப்படிப்பட்ட காட்சியுள்ள படத்தைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து ஒரு பத்தி அதிகம் எழுதுங்கள். எப்படி நடந்தது என்பதை விவரிக்க வேண்டாம். அவனுக்கு யார் காது கொடுத்திருக்கலாம், படம் அதைக் காட்டியதா என்று எழுதுங்கள். கீழே மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416 என்று ஒரு வரி போடுங்கள். 2019இல் பிரஸ் கவுன்சில் இப்படிப்பட்ட மரணச் செய்திகளுக்காக வகுத்த நெறிமுறை சினிமாப் பக்கத்துக்கும் பொருந்தாதா என்ன?

ஒரு நல்ல விஷயமும் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ‘3 இடியட்ஸ்’ கடைசியில் நாயகன் நடத்தும் மலைப் பள்ளியில் மிதித்து ஓட்டும் துணி துவைக்கும் இயந்திரம், ஸ்கூட்டரில் ஓடும் மாவு அரவை இயந்திரம், சைக்கிளோடு இணைத்துக் கம்பளி மயிர் வெட்டும் கருவி எல்லாம் வருமே, அவை கலை இயக்குநரின் கற்பனை இல்லை. நிஜமான மனிதர்கள் செய்தவை. துணி துவைக்கும் இயந்திரத்தைச் செய்தவர் கேரளத்தைச் சேர்ந்த ரெம்யா ஜோஸ். பள்ளியில் படிக்கும்போது, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வீட்டு வேலைக்காகச் செய்தார். பெரிய கல்லூரி எதுவும் படித்துவிட்டு இல்லை. நாலு பட்டைக் கணக்கு கையிலேயே தெரிந்த பெண். ‘நண்பன்’ நாயகன் பஞ்சவன் பாரிவேந்தனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், இவர் பெயரை ஒரு வரியில்கூட எழுதவில்லை. இவரைத் தேடிப் போய் ஒரு பேட்டி எடுத்திருந்தால், நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் மெக்கானிக்கல் எடுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். எங்கள் துறையில் இன்றைக்கும் அறுபது பேர் வகுப்பில் பெண்கள் நாலு பேரோ ஐந்து பேரோதான்.

நட்சத்திரம் போடுவதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. நானும் மதிப்பெண் போடுகிறவன்தான். ஆனால் நான் போடும்போது எந்த வரிக்கு எத்தனை குறைந்தது என்று ஓரத்தில் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் மாணவன் வந்து கேட்பான், கேட்க உரிமை உண்டு. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கல்விப் படம் எப்படியும் வரும். அப்போது வகுப்பறைக் காட்சி ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, பாடம் சரியா, பிள்ளைகள் எந்த மொழியில் யோசிக்கிறார்கள், யாரைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். விமர்சனம் எழுதும் முன் ஓர் ஆசிரியரிடமும், அந்தப் படிப்பைப் படிக்கும் ஒரு மாணவி அல்லது மாணவனிடமும் பேசுங்கள். சென்னையில்தான் வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊரிலேயே கிடைப்பார்கள். முடிந்தால் ‘3 இடியட்ஸ்’, ‘நண்பன்’ இரண்டையும் மறுபடி பார்த்து, அன்று எழுதியதில் எது இன்றும் சரி, எது சரியில்லை என்று எழுதுங்கள். பழைய விமர்சனத்தைத் திருத்தி எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

இரண்டாமாண்டு வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் எப்போதும் அந்தப் பட்டைகளை எடுப்பேன். உங்களில் யார் வர விரும்பினாலும் வரலாம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதல்வரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். வரும்போது வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் நாலைந்து எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
ஒரு மெக்கானிக்கல் வாத்தியார்